பெருநகரம் தொடாமல் ஒரு வளைகாப்புக்கு

1

சென்ற வாரம், நியூஜெர்சியில் எங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் தெருவிலேயே குடியிருக்கும் தோழி ஒருத்தி போன் செய்தாள்.

"அக்கா, போன வருஷம் டெக்சாஸுக்கு ஆர்.வி. எடுத்துட்டுப் போனீங்கல்ல, அந்த ரூட்டைக் கொஞ்சம் வாட்ஸ்அப் பண்ணுங்களேன். சம்மர்ல நாங்களும் கெளம்பலாம்னு இருக்கோம். எந்தப் பெரிய சிட்டி டிராஃபிக்லயும் மாட்டக் கூடாதுங்கறார் அவர்."

வழி என்று பார்த்தால் ஐந்து எண்கள்தான். எழுபத்தெட்டு, எண்பத்தொன்று, ஐம்பத்தொன்பது, இருபது, கடைசியாக யு.எஸ். எழுபத்தொன்பது. நடுவில் சில்லறையாக இரண்டு மூன்று சாலைகள். தட்டி அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது. அந்த ஐந்து எண்களைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று என்பதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஆர்.வி. என்றால் என்ன என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். ஒரு சின்ன வீட்டைத் தூக்கி லாரி சேஸிஸ் மேல் வைத்ததுதான். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உண்டு. ரிட்டயர் ஆன அமெரிக்கர்கள் இதில் ஏறி மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றுவார்கள். நாங்கள் ஊர் சுற்றப் போகவில்லை. எங்களுக்கு அதைவிட்டால் வேறு வண்டி இல்லை.

2

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகி மூன்று வருடம் ஆகிறது. மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் இல்லை இவருக்கு. வயிற்று வழியாகச் செய்வது. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் நிரந்தரமாக இருக்கும். இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரைப் பையிலிருந்து உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் கழித்து அதை வெளியே வடித்துவிட்டுப் புதுப் பையை ஏற்ற வேண்டும். காலை ஆறு, பதினொன்று, மாலை நாலு, இரவு ஒன்பது என்று நாளுக்கு நான்கு முறை. ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் ஆகும். வீட்டில் இதற்கு 'பை மாத்தறது' என்று பெயர். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, இரண்டு பேரும் மாஸ்க் போட்டுக்கொண்டு கையைத் தேய்த்துக் கழுவி உட்கார வேண்டும். கொஞ்சம் அசிரத்தையாக இருந்தாலும் கிருமி நேரே வயிற்றுக்குள் போய்விடும்.

ஒருமுறை போயும்விட்டது. விமான நிலையம் ஒன்றில் ஒரு சின்ன அறையில் அவசரமாகப் பை மாற்றியதன் பலன், பத்து நாள் ஆஸ்பத்திரி. அன்றோடு விமானம் முடிந்தது. நேரம் தவறினால் இவருக்குக் கால் வீங்கும், மூச்சு இரைக்கும். ஆகவே காரில் நீண்ட பயணமும் முடிந்தது.

அந்த நிலையில்தான் எங்கள் ஒரே மகள் நிவேதா, டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடக்கே ஹட்டோ என்ற ஊரில் இருப்பவள், உண்டாகியிருக்கிறேன் என்று போன் செய்தாள். இவர் அன்றே காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு ஏழாம் மாதம் எப்போது என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"வளைகாப்புக்கு வரோம்டா கண்ணு" என்றார்.

"அப்பா, இட்ஸ் நாட் வொர்த் த ரிஸ்க். நான் வீடியோ லிங்க் அனுப்பறேன், நீங்க ஜாயின் பண்ணிக்கங்க. ஹானஸ்ட்லி, அது போதும்."

இவர் சரி என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி வீக்கத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வர்றது அவளுக்கே வேண்டாமோ என்னமோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் என்னை நான்கு மாதம் தூங்கவிடவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து அவள் வருவது குறைந்தது. வந்தாலும் பை மாற்றும் நேரம் பார்த்து எங்காவது வெளியே கிளம்பிவிடுவாள். ஒருமுறைகூட அந்தக் குழாயைப் பார்த்ததில்லை.

3

நான் நாமக்கல்காரி. அப்பா லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நேரே ஆபீஸ்தான், அங்கேதான் வீட்டுப்பாடம். நாக்பூர் போய்வந்த டிரைவர்கள், கல்கத்தா போய்வந்த டிரைவர்கள் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி வழியைத்தான் பேசுவார்கள். எந்த ஊருக்குள் எத்தனை மணிவரை நோ என்ட்ரி, எந்த ரயில்வே கேட் எப்போது சாத்துவான், எந்தப் பாலத்தில் தார்ப்பாய் இடிக்கும், எங்கே குளிக்க நல்ல தண்ணீர் கிடைக்கும். பெரிய ஊரைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது. ஐம்பது கிலோமீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை என்று ஒதுங்கிப் போவார்கள். இவ்வளவும் கேட்டு வளர்ந்த என்னை அப்பா ஒருநாளும் லாரியின் டிரைவர் சீட்டில் ஏறவிட்டதில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்பார்.

அமெரிக்கா வந்து, ஒரு மருந்துக் கம்பெனிக் கிடங்கில் டிஸ்பாட்ச் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தேன். அதாவது அதே வேலை, ஏ.சி. அறையில்.

ஆகவே போனில் வழி கேட்க எனக்கு மனம் வரவில்லை. போன் எப்போதும் குறுக்கு வழியைத்தான் சொல்லும். பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன் மூன்றையும் கோத்துக்கொண்டு போகச் சொல்லும். ஆர்.வி.யில் சமையல் காஸ் சிலிண்டர் இருப்பதால் சில சுரங்கப்பாதைகளில் விடவே மாட்டார்கள் என்பது அதற்குத் தெரியாது. பெரிய காகித மேப் வாங்கி டைனிங் டேபிள் மேல் விரித்தேன். எங்கே போகலாம் என்று பார்க்கவில்லை. பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் எங்கே நிற்கலாம் என்று முதலில் பென்சிலால் புள்ளி வைத்தேன். மரநிழல், சமதரை, வண்டிக்குக் கரண்ட் பிளக் இருக்கும் இடங்கள். அப்புறம் அந்தப் புள்ளிகளைக் கோடு இழுத்துச் சேர்த்தேன். கோடு மேற்கே போய், எண்பத்தொன்றில் மலையோரமாகத் தெற்கே இறங்கியது. நாக்ஸ்வில், பர்மிங்காம், ஜாக்சன் மூன்றையும் ஒதுக்க முடியவில்லை. ஆபீஸ் கூட்டம் இல்லாத பகல் நேரத்தில் கடக்கும்படி வைத்தேன். டெக்சாஸில் டாலஸ் பக்கமே போகாமல் யு.எஸ். எழுபத்தொன்பதைப் பிடித்தால், சின்னச் சின்ன ஊர்கள் வழியாக ஹட்டோவிலேயே கொண்டுபோய் விடுகிறது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

இடையில் மருந்துப் பைகளுக்கான போன்கள் வேறு. ஹட்டோ விலாசத்துக்கு ஒரு வாரச் சரக்கு அனுப்பச் சொன்னால், இது நிரந்தர விலாசமா, தற்காலிக விலாசமா, அங்கே பெற்றுக்கொள்பவர் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். நாலு பேரிடம் மாற்றி மாற்றி 'மகள்' என்றே சொன்னேன்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பினோம். வாடகை வண்டிதான், இருந்தாலும் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். எதிர்வீட்டு அமெரிக்கர் நாயைப் பிடித்தபடி நின்று பார்த்தார். வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்ததும், என்ன ஏதென்று கேட்காமல் கைதட்டினார். இந்த ஊர் மனிதர்களிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

டிரைவர் சீட்டில் நான். இருபத்தைந்து அடி நீள வண்டி. இவர் பக்கத்தில் மேப்பை மடியில் வைத்துக்கொண்டு கிளீனர் உத்தியோகம் பார்த்தார்.

"மல்லி, லெஃப்ட்ல ஒரு டிரக், ரைட்ல ஒரு டிரக், பின்னாடி ஒரு டிரக். நீ பிளான் போட்டது லாரி ஸ்டாண்டு வழியாவா?"

"எண்பத்தொண்ணு லாரி போற ரோடுதாங்க. லாரிக்காரன் போற வழில நம்பிப் போலாம்."

அந்த நாட்களில் பார்த்ததைப் போல் இந்த நாட்டை நான் முன்பு பார்த்ததே இல்லை. இருபத்தாறு வருடம் இருந்து நான் கண்டதெல்லாம் டர்ன்பைக் என்கிற சுங்கச்சாலை, மால், ஆபீஸ் பார்க்கிங், வருடத்துக்கு ஒருமுறை விமான நிலையம். வர்ஜீனியாவில் சாலையின் இரண்டு பக்கமும் நீலமாக மலை கூடவே வந்தது. மாடுகள் மேய்ந்தன. ஆர்.வி. நிறுத்தும் மைதானங்களில் தண்ணீர்க் குழாய், கரண்ட், கழிவு இறக்கக் குழி என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. கழிவு இறக்கும் வேலையைப் பக்கத்து வண்டி முதியவர் முழங்காலில் உட்கார்ந்து எனக்குக் காட்டிக்கொடுத்தார். எழுபது வயது ஆட்கள் தங்கள் அழுக்கைத் தாங்களே இறக்கிவிட்டு, கை கழுவிவந்து, வாசலில் நாற்காலி போட்டு மலையைப் பார்க்கிறார்கள். அதில் அவர்களுக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. நம் ஆட்களில் எத்தனை பேர் செய்வோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கடுகு தாளித்தபோது வண்டிக்குள் புகை அலாரம் கத்தியது. டென்னசியில் ஒரு அம்மாள் ஓடிவந்து தீப்பிடித்ததா என்று கேட்டுவிட்டு, தக்காளி ரசம் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனார். பை மாற்றும் நேரம் ஒன்றுகூடத் தவறவில்லை. வியாழக்கிழமை மாலை டெக்சாஸ் எல்லைக்குள் கார்த்தேஜ் என்ற ஊர்ப் பக்கம் நிறுத்தினோம். இவர் காலில் வீக்கமே இல்லை. அழுத்திக் காட்டினார்.

5

மறுநாள் வெள்ளி. என் பிளான்படி காலை ஆறு மணிப் பையை முடித்துக் கிளம்பினால் பதினொரு மணிக்குள் ஹட்டோ. அடுத்த பை மகள் வீட்டில். ஒரு குறையும் இல்லாத பிளான்.

காலையில் வண்டியை எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். மாசமாக இருக்கும் பெண் வீட்டுக்குள், கட்டுச்சோற்றுக்கு வேண்டிய சாமானோடு, சீர்த்தட்டோடு, அந்த நேரத்திலா காலெடுத்து வைப்பது?

"பதினொரு மணிப் பையை இங்கயே மாத்திட்டு, பன்னண்டுக்கு மேல கெளம்பலாங்க. கரெக்ட்டா நாலு மணிக்கு அங்க இருக்கலாம்."

"மல்லி, ராகுவுக்கு சென்னை டைமா, டெக்சாஸ் டைமா? டேலைட் சேவிங்லாம் அவர் பாக்கறாரா?"

"கிண்டல் பண்ணாதீங்க."

"நாலு மாசம் பிளான் போட்டது நீ. மாத்தறதும் நீயே. நான் கிளீனர்தானே."

பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பினோம். கையில் இருந்த காலைப் பொழுது முழுவதையும் நானே வாரி இறைத்துவிட்டேன் என்பது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தபோது எனக்குத் தோன்றவில்லை. நல்ல நேரத்தில் போய்ச் சேர்கிறோம் என்ற திருப்தியில் பாட்டுகூட முணுமுணுத்தேன்.

மூன்று மணிக்கு, ஹட்டோவுக்கு ஒரு மணி நேரம் முன்னால், ஒரே ஒரு சிக்னல் உள்ள ஊரில் வண்டி நின்றது. முன்னால் வரிசையாகக் கார்கள். அதற்கு முன்னால் சாலைக்குக் குறுக்கே மரச்சட்டம். அதற்கும் முன்னால் ஊரே கூடி நின்றது. உயர்நிலைப் பள்ளியின் ஹோம்கமிங் ஊர்வலம். பழைய மாணவர்கள் திரும்பிவந்து கொண்டாடும் நாள், மாலையில் ஃபுட்பால் ஆட்டம். நெடுஞ்சாலைதான் அந்த ஊரின் கடைத்தெரு, அதில்தான் ஊர்வலம்.

பிலடெல்பியாவை விட்டேன், வாஷிங்டனை விட்டேன், டாலஸை விட்டேன். நாலு தெரு உள்ள ஊரில் வந்து மாட்டினேன்.

இறங்கிப்போய் அங்கே நின்ற இளம் போலீஸ்காரரிடம் கேட்டேன். கார்களைப் பண்ணைச் சாலை ஒன்றில் திருப்பிவிடுகிறோம், ஆனால் அதில் பதினொரு அடி உயர ரயில்வே பாலம் இருக்கிறது, உங்கள் வண்டியின் உயரம் பன்னிரண்டு அடி, ஐந்து மணிவரை காத்திருங்கள் என்றார். என் கணவர் நாலு மணிக்குப் பை மாற்ற வேண்டும் என்றேன் பதற்றத்தில். அவர் எதிரே இருந்த கடையைக் காட்டி, அங்கே எல்லா வகைப் பைகளும் கிடைக்கும் என்றார் மிகுந்த மரியாதையோடு.

திரும்பி வந்தேன். முன்னும் பின்னும் வண்டிகள், பேண்டு வாத்தியப் பிள்ளைகள் எங்கள் ஜன்னல் ஓரமாகவே டிரம்மை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசை இரண்டடி நகர்ந்தது. வண்டி குலுங்கும் நேரத்தில் குழாயைத் திறக்க முடியாது. மணி மூன்றே முக்கால். இவர் மூச்சு சற்று மேலே வாங்குவது எனக்குத் தெரிந்தது.

"ஒரு வேளை லேட்டானா ஒண்ணும் ஆயிடாது" என்றார்.

"என்னாலதான். காலைல நான்தான் உக்காரச் சொன்னேன்."

"நீதான் இவ்ளோ தூரம் கூட்டிட்டும் வந்தே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன்.

6

கதவு தட்டப்பட்டது. ஆரஞ்சு நிற அங்கி போட்ட, என் வயதுப் பெண்மணி ஒருவர் நின்றார். ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர். பெயர் டோனா என்றார். போலீஸ்காரரிடம் நான் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார், கொக்கியில் தொங்கிய மருந்துப் பையைப் பார்த்தார். என் தம்பி ஆறு வருடம் இதைத்தான் செய்தான் என்றார்.

அதற்குமேல் எதுவும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசினார். மரச்சட்டம் நகர்ந்தது. டோனா முன்னால் நடக்க, பேண்டு பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒதுங்க, எங்கள் வண்டி அவர் பின்னால் ஊர்ந்து ஒரு சந்தில் திரும்பியது. அங்கே அந்த ஊர்த் தீயணைப்பு நிலையம். தீயணைப்பு வண்டி ஊர்வலத்தில் போயிருந்ததால் கொட்டகை காலி. உள்ளே விடு என்று கைகாட்டினார். பின்னால் ஷட்டரை இறக்கினார்.

துடைத்துவைத்த சிமென்ட் தரை. சுவரில் வரிசையாகக் கனத்த கோட்டுகள், அவற்றின் கீழே பூட்ஸ்கள். டிரம் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. கை கழுவினோம், மாஸ்க் போட்டோம். மணி நாலு பத்துக்குப் பை ஏறியது. ஷட்டருக்கு வெளியே டோனா முக்கால் மணி நேரமும் நின்றார். யாரோ கேட்க, உள்ளே ஆள் இருக்கிறார்கள், ஐந்து மணிக்கு வா என்று அவர் அதட்டியதும் எங்களுக்குக் கேட்டது. எந்தத் தேசத்தவர், எங்கே போகிறீர்கள் என்று எங்களிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. போகும்போது நானாகத்தான் சொன்னேன், மகளுக்கு ஏழாம் மாதம் என்று. அப்போதுதான் என்னைக் கட்டிப்பிடித்தார்.

உங்கள் தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் சொன்ன வாக்கியம் இறந்தகாலத்தில் இருந்தது நினைவுக்கு வந்து, வண்டியில் ஏறிக்கொண்டேன்.

7

ஞாயிறு காலை வளைகாப்பு. ஒன்பதரைக்கு உட்கார வைத்தோம். ஹட்டோவிலும் பக்கத்து ஊர்களிலும் இத்தனை தமிழ்க் குடும்பங்களா என்று எனக்கு ஆச்சரியம். ஆன்ட்டி, அக்கா என்று ஆளாளுக்கு வந்து சந்தனம் பூசினார்கள். பதினொன்று நெருங்கியபோது வளையல் போடும் வரிசை பாதிகூட முடியவில்லை. நான் இவரைக் கண்ணால் கூப்பிட்டேன். இருவரும் ஓசைப்படாமல் நழுவி, வாசலில் நின்ற ஆர்.வி.யில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

பழைய தண்ணீர் வடிந்துகொண்டிருந்தபோது வெளியே கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது.

"அம்மா, கேன் ஐ கம் இன்?"

"பை ஓடுது கண்ணு, அப்புறமா."

"தெரியும். மாஸ்க் போட்டுட்டுதான் வந்திருக்கேன். கை கூட வாஷ் பண்ணியாச்சு."

இவரைப் பார்த்தேன். இவர் அவசரமாகச் சட்டையை இழுத்துக் குழாயை மூடப் பார்த்தார். அதற்குள் அவள் படியைப் பிடித்து மெல்ல ஏறி, கதவைச் சாத்தி, எதிர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல். கன்னத்துச் சந்தனம் மாஸ்க்கில் ஒட்டியிருந்தது. குழாயைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை.

"வலிக்குமாப்பா?"

"இல்லடா. பழகிருச்சு."

"நான் வர வேண்டாம்னு சொன்னது..." என்று ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் வளையலைத் தள்ளித் தள்ளி எண்ணினாள். "ஐ காட் ஸ்கேர்ட். இதைப் பாத்தா, நீங்க நெஜமாவே பேஷன்ட்னு ஆயிடும். பாக்கலைன்னா இல்லைன்னு இருக்கலாம். ஸ்டுப்பிட், ஐ நோ."

"பாத்துட்டல்ல?"

"ம்."

"அவ்ளோதான். தண்ணி உள்ள போகும், தண்ணி வெளிய வரும்."

மாஸ்க்குக்கு மேலே அவள் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கி, கழுவிய கை என்று நினைவு வந்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். நான்தான் டிஷ்யூ எடுத்துத் துடைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சடங்கு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள், பிரசவம் அங்கேதான். அதை அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை. யார் சொன்னார்களோ, வரிசையில் நின்ற ஆன்ட்டிகளில் ஒருவராக இருக்கலாம்.

"அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமாமே?" என்றாள். "என் டாக்டர் இங்க இருக்காங்க, நான் வர முடியாது. ஸோ நீங்க இருங்க. பேபி வர்ற வரைக்கும். ரெண்டு பேரும்."

இவர் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி முழுசா வடிஞ்சிருச்சா பாரு, மல்லி" என்றார்.

8

திங்கட்கிழமை காலை வண்டி வாடகைக் கம்பெனிக்குப் போன் செய்தேன். வண்டியை நியூஜெர்சிக்குக் கொண்டுவரவில்லை, டெக்சாஸிலேயே உங்கள் கிளையில் விடலாமா என்று கேட்டேன். விடலாம், ஆனால் காரணம் பதிய வேண்டும் என்றாள் மறுமுனையில் இருந்த பெண். விபத்தா? இல்லை. வண்டி பழுதா? இல்லை. உடல்நலக் குறைவா? ஒரு நொடி யோசித்து, இல்லை என்றேன். பயணத்தை ரத்து செய்கிறீர்களா? அதுவும் இல்லை.

அப்படியானால் என்ன காரணம், மேடம்?

மகள் எங்களை இருக்கச் சொல்லிவிட்டாள் என்றேன்.

அப்படியே எழுதிக்கொள்ளட்டுமா என்றாள். எழுதுங்கள் என்றேன். எழுதி முடித்து, சரிதானா என்று பார்க்க எனக்கு வாசித்துக் காட்டினாள். மகள் இவர்களை இருக்கச் சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருந்த இவர் என் கையைத் தொட்டார்.

"ஸ்பீக்கர்ல போடு, மல்லி. இன்னொரு தடவை படிக்கச் சொல்லு."